தொலைக்காட்சியைக் கணினித் திரையாக்கலாமா?

இன்று விற்பனைக்கு வரும் எந்தத் தொலைக்காட்சியின் பின்புறத்தைப் பார்த்தாலும் எச்.டி.எம்.ஐ. என்ற இணைப்பு வாய் ஒன்று இருக்கும். மடிக்கணினியின் பக்கவாட்டிலும் பெரும்பாலும் அதே வாய் இருக்கும். இரண்டையும் ஒரு கம்பியால் இணைத்தால் கணினியில் தெரிவதெல்லாம் தொலைக்காட்சியில் பெரிதாகத் தெரியும். அப்படியானால் படிப்புக்கென்று தனியாக ஒரு மொனிட்டர் எதற்கு? நல்ல தொலைக்காட்சி ஒன்றை வாங்கினால் இரண்டு வேலையும் முடிந்துவிடுமே?

இந்தக் கேள்வி எங்கள் வீட்டிலும் எழுந்தது. கட்டாரில் வேலை செய்யும் என் நானா, அடுத்த விடுமுறைக்கு வரும்போது 55 அங்குல ஓஎல்ஈடி தொலைக்காட்சி ஒன்றைக் கொண்டுவரவா என்று கேட்டார். "உம்மாவும் பார்க்கலாம், நீயும் அதிலேயே படிக்கலாம்" என்பது அவருடைய யோசனை. அந்தப் பணம் அவருடைய பல மாதச் சேமிப்பு. புத்தளம், கற்பிட்டிப் பக்கத்தில் வெளிநாட்டில் உழைப்பவர் கொண்டுவரும் ஒரு பொருளை வீடு முழுவதும் எதிர்பார்த்திருப்பது நம் எல்லோருக்கும் தெரிந்த விடயம். அதனால் "சரி" என்று சொல்வதற்கு முன் இதைப் பற்றி அறிந்துகொள்ள விரும்பினேன். அறிந்தவற்றை மாணவிகளுக்கும் பெற்றோருக்கும் பயன்படும் என்ற எண்ணத்தில் இங்கே தருகிறேன்.

யோசனை பழையது

தொலைக்காட்சியைக் கணினித் திரையாகப் பாவிப்பது புதிய யோசனை அல்ல. நமது நாட்டில் தொலைக்காட்சி ஒளிபரப்பு 1979இல் தொடங்கியது. ரூபவாஹினி 1982இல் வந்தது. அதே 1982இல்தான் இங்கிலாந்தில் சின்கிளேயர் நிறுவனம் 'இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம்' என்ற சிறிய வீட்டுக் கணினியை வெளியிட்டது. அதற்கென்று தனித் திரை கிடையாது. வீட்டுத் தொலைக்காட்சியின் அன்டனா வாயில் கம்பியைச் செருகித்தான் பிள்ளைகள் அதில் கணினி பழகினார்கள். 2012இல் வந்த 'ராஸ்பெரி பை' என்ற மலிவான கணினியும் தொலைக்காட்சியில் செருகிப் பாவிக்கக்கூடியதாகவே எச்.டி.எம்.ஐ. வாயுடன் அமைக்கப்பட்டது.

ஆகவே, இணைக்க முடியுமா என்பதில் சந்தேகமில்லை. நாள்தோறும் ஐந்து, ஆறு மணித்தியாலம் வாசிக்கவும் எழுதவும் அது பொருந்துமா என்பதுதான் கேள்வி.

ஓஎல்ஈடி என்றால் என்ன?

நம் வீடுகளில் பெரும்பாலும் இருப்பவை எல்சிடி வகைத் திரைகள். 'எல்ஈடி டிவி' என்று விற்கப்படுபவையும் எல்சிடி திரைகளே. அவற்றின் பின்னால் இருக்கும் விளக்குதான் எல்ஈடி. அந்த விளக்கு எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். முன்னால் உள்ள திரவப் பளிங்குப் படலம் யன்னல் மறைப்பைப்போல ஒளியை விடும் அல்லது மறைக்கும். முழுவதும் மறைக்க அதனால் முடியாது. அதனால்தான் இருட்டு அறையில் எல்சிடி திரையின் கறுப்பு, சாம்பல் நிறமாகத் தெரிகிறது.

ஓஎல்ஈடி திரையில் பின்விளக்கே இல்லை. ஒவ்வொரு படவணுவும், அதாவது கடையில் 'பிக்சல்' என்று சொல்லும் புள்ளியும், தானே ஒளிர்கிறது. ஓஎல்ஈடி என்ற பெயரின் முதல் எழுத்து 'சேதன' என்பதைக் குறிக்கிறது. நாம் உயர்தரத்தில் படிக்கும் சேதன இரசாயனத்தின் காபன் சேர்வைகளேதான் அங்கே ஒளிர்கின்றன. அனோட்டுக்கும் கதோட்டுக்கும் இடையில் தலைமயிரின் தடிப்பை விடப் பல நூறு மடங்கு மெல்லிய சேதனப் படைகள் உள்ளன. ஒரு பக்கத்திலிருந்து இலத்திரனும் மறுபக்கத்திலிருந்து துளையும் வந்து நடுவில் சேரும்போது விடுபடும் சக்தி ஒளியாக வெளிவருகிறது.

இதைக் குறைந்த வோல்ற்றளவில் நன்றாக ஒளிரச் செய்து காட்டியவர்கள் அமெரிக்காவின் கொடாக் நிறுவனத்தில் பணியாற்றிய சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் என்ற இரு இரசாயனவியலாளர்கள். அவர்களது ஆய்வுக் கட்டுரை 1987இல் வெளிவந்தது. 20 வருடங்களின் பின், 2007இல், சோனி நிறுவனம் முதலாவது ஓஎல்ஈடி தொலைக்காட்சியை விற்பனைக்கு விட்டது. அதன் அளவு வெறும் 11 அங்குலம். 2013இல் எல்ஜி நிறுவனத்தின் 55 அங்குலத் திரை வந்தது. 2020இல் 48 அங்குலமும் 2022இல் 42 அங்குலமும் வந்த பிறகே, மேசையில் வைத்துக் கணினித் திரையாகப் பாவிக்கும் வழக்கம் பரவியது.

ஆசைப்படக் காரணங்கள்

நன்மைகளை முதலில் சொல்வதே நியாயம். கறுப்பு என்றால் முழுக் கறுப்பு. அந்தப் படவணு அணைந்துவிடுகிறது. பக்கத்தில் இருந்து பார்த்தாலும் நிறம் பெரிதாக மாறுவதில்லை. அசையும் படம் இழுபடுவதில்லை. 4கே திரையில் 3840 × 2160, அதாவது 82,94,400 படவணுக்கள் உள்ளன. ஒரு 48 அங்குல 4கே திரை என்பது, நான்கு 24 அங்குல முழு எச்டி மொனிட்டர்களை இடைவெளியில்லாமல் ஒட்டிவைத்தது போன்றது. ஒரு பக்கம் வினாத்தாள், மறுபக்கம் விடைத்திட்டம், நடுவில் குறிப்பு என்று திறந்துவைத்துப் படிக்க இதைவிட வசதி வேறில்லை. படம் வரைபவர்களுக்கும் காணொளி தொகுப்பவர்களுக்கும் இது மிக நல்ல திரை.

புள்ளியில் வரும் பிரச்சினை

புத்தளம் நகரில் ஒரு கடையில் இந்தத் திரையைப் பார்க்க வாப்பாவுடன் போனேன். கடைக்காரர் அனுமதியுடன் என் மடிக்கணினியை இணைத்து, தமிழில் உள்ள பௌதிகவியல் வினாத்தாள் ஒன்றைத் திறந்தேன். தூரத்தில் இருந்து பார்க்க அழகாக இருந்தது. ஆனால் கிட்ட வந்து வாசித்தபோது எழுத்தின் ஓரங்களில் மெல்லிய நிறக் கரை தெரிந்தது. 'க்', 'ட்' போன்ற எழுத்துகளின் மேலுள்ள புள்ளி கலங்கியிருந்தது.

இதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன. முதலாவது, படவணுவின் அமைப்பு. சாதாரண மொனிட்டரில் ஒவ்வொரு படவணுவும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று பகுதிகளைக் கொண்டது. விண்டோஸ் எழுத்துகளைக் கூர்மையாக்கும்போது இந்த மூன்றும் இதே வரிசையில் இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. எல்ஜி தயாரிக்கும் ஓஎல்ஈடி தொலைக்காட்சித் திரைகளில் வெள்ளை என்ற நான்காவது பகுதியும் உண்டு. வரிசை மாறுவதால் எழுத்தின் ஓரத்தில் நிறம் கசிகிறது.

இரண்டாவது காரணம், நிறத் தகவலைக் குறைத்தல். சினிமாப் படத்துக்கு ஒளிர்வு விபரம் நுணுக்கமாக இருந்தால் போதும். நிற விபரத்தை நான்கு படவணுக்களுக்கு ஒன்று என்று பகிர்ந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. அதனால் தொலைக்காட்சிகள் அப்படிச் செய்கின்றன. எழுத்துக்கு இது ஒத்துவராது. ஆங்கில எழுத்துக்கு இது சிறு குறையாக இருக்கலாம். தமிழில் ஒரு புள்ளி மறைந்தால் சொல்லே மாறிவிடும்.

இரண்டாவதைத் திருத்த முடியும். தொலைக்காட்சியின் அமைப்புப் பகுதியில், கணினி இணைத்த வாய்க்கு 'பிசி' என்ற பெயரைத் தெரிவு செய்தால் பெரும்பாலான மாதிரிகள் முழு நிறத் தகவலையும் காட்டும். கூர்மை அளவைக் குறைத்துவிட வேண்டும். முதலாவதை எழுத்தளவைப் பெரிதாக்கிச் சமாளிக்கலாம். முற்றாக நீக்க முடியாது.

கணினியின் பக்கத்திலும் ஒரு தடை உண்டு. 4கே படத்தை வினாடிக்கு 60 தடவை அனுப்ப, வினாடிக்கு ஏறத்தாழ 12 கிகாபிட்டுத் தகவல் போக வேண்டும். பழைய மடிக்கணினிகள் பலவற்றில் உள்ள எச்.டி.எம்.ஐ. 1.4 வாய் அவ்வளவைத் தாங்காது. அதில் 4கே படம் வினாடிக்கு 30 தடவைதான் வரும். சுட்டியை அசைத்தால் தத்தித் தத்திப் போகும். புதிய தொலைக்காட்சி வாங்கிய பின் புதிய கணினியும் வேண்டும் என்ற நிலை இப்படித்தான் உருவாகிறது.

எவ்வளவு தூரத்தில் இருப்பது?

இதை நாமே கணக்கிடலாம். சாதாரண பார்வையுள்ள கண், ஒரு பாகையின் 60இல் ஒரு பங்குக் கோணத்தில் உள்ள இரண்டு புள்ளிகளை வேறுபடுத்தி அறியும். 55 அங்குல 4கே திரையின் அகலம் ஏறத்தாழ 122 சென்ரிமீற்றர். அதை 3840ஆல் வகுத்தால் ஒரு படவணுவின் அகலம் 0.32 மில்லிமீற்றர். அந்தப் படவணு கண்ணுக்குத் தனியாகத் தெரியாமல் இருக்க நாம் ஏறத்தாழ 1.1 மீற்றர் தூரத்தில் இருக்க வேண்டும். 42 அங்குலத்துக்கு இதே கணக்கு 83 சென்ரிமீற்றர் என்று வருகிறது.

இது கண்டிப்பான எல்லை அல்ல. கொஞ்சம் கிட்ட இருந்தாலும் வாசிக்கலாம். ஆனால் 60 சென்ரிமீற்றர் ஆழமுள்ள சாதாரண படிப்பு மேசையில் 55 அங்குலத் திரையை வைத்தால் வேறொரு கஷ்டம் வரும். இடது ஓரத்தைப் பார்க்கவும் வலது ஓரத்தைப் பார்க்கவும் தலையைத் திருப்ப வேண்டும். மேல் வரியை வாசிக்கக் கழுத்தை நிமிர்த்த வேண்டும். சுவரில் பொருத்தி, மேசையைத் தள்ளிப்போட்டால்தான் சரிவரும்.

வெள்ளைப் பக்கம் மங்குவது ஏன்?

கடையில் இன்னொன்றையும் கவனித்தேன். வினாத்தாளைச் சிறிய சாளரத்தில் வைத்தபோது வெள்ளை பிரகாசமாக இருந்தது. முழுத் திரைக்கும் விரித்ததும் மங்கியது. அது பழுதல்ல. எல்லாப் படவணுக்களும் ஒரே நேரத்தில் வெள்ளையாக ஒளிர்ந்தால் மின்னும் வெப்பமும் கூடிவிடும். அதனால் தொலைக்காட்சி தானாகவே ஒளிர்வைக் குறைக்கிறது. சினிமாவில் முழு வெள்ளைக் காட்சி அபூர்வம். நமது பாடக் குறிப்புகளோ முழுவதும் வெள்ளைப் பக்கங்கள். நமது ஊர் வெயிலும் யன்னல் வழியாக வந்து பளபளப்பான திரையில் பட்டால் பகலில் வாசிப்பது கஷ்டம்.

நிழல் பதிதல்

எல்லாவற்றிலும் பெரிய விடயம் இதுதான். அசையாத ஒரு உருவம் நீண்ட காலம் ஒரே இடத்தில் இருந்தால், அது போன பின்னும் அதன் நிழல் திரையில் தங்கிவிடலாம். 'எரிந்துபோதல்' என்று இதைச் சொல்கிறார்கள். உண்மையில் எதுவும் எரிவதில்லை. சேதனச் சேர்வைகள் பாவிக்கப் பாவிக்கத் தேய்கின்றன. அதிகம் ஒளிர்ந்த படவணு அதிகம் தேய்கிறது. ஒரே சட்டையில் கொலர் மட்டும் முதலில் நைந்துபோவதைப் போல, திரையின் ஒரு பகுதி மற்றதை விட முந்தி மங்குகிறது.

நீல ஒளிதான் இதில் மிகவும் பாதிக்கப்படுவது. பௌதிகவியலில் படித்தபடி ஒளியின் சக்தி அலைநீளத்துக்கு நேர்மாறானது. 620 நனோமீற்றர் சிவப்பு ஒளித்துகளின் சக்தி 2.0 இலத்திரன் வோல்ற்று. 450 நனோமீற்றர் நீலத்துக்கு அது ஏறத்தாழ 2.8. அவ்வளவு சக்தியைத் தாங்கி நிற்கும் சேதன மூலக்கூறை நீண்ட ஆயுளுடன் உருவாக்குவது கடினம்.

கனடாவின் ஆர்டிங்ஸ் என்ற பரிசோதனை நிறுவனம் 2018இல் ஒரே மாதிரியான ஆறு ஓஎல்ஈடி தொலைக்காட்சிகளை நாளொன்றுக்கு 20 மணித்தியாலம் ஓடவிட்டுப் பார்த்தது. முழு ஒளிர்வில் ஒரே செய்தி அலைவரிசை ஓடிய திரையில், அந்த அலைவரிசையின் சின்னமும் கீழ்ப்பட்டியும் நிழலாகப் பதிந்தன. அதே அலைவரிசை குறைந்த ஒளிர்வில் ஓடிய திரையில் பாதிப்பு குறைவாக இருந்தது. அசையாத உருவம் குறைவாக உள்ள நிகழ்ச்சிகள் ஓடிய திரைகள் நன்றாகத் தாக்குப்பிடித்தன. ஆகவே மொத்தம் எத்தனை மணித்தியாலம் என்பதோடு, எவ்வளவு ஒளிர்வில் ஒரே உருவம் நின்றது என்பதும் முக்கியம்.

இப்போது கணினித் திரையை நினைத்துப் பாருங்கள். கீழே பணிப்பட்டி, மேலே உலாவியின் சட்டம், ஓரத்தில் சின்னங்கள். ஒரு மாணவி நாளொன்றுக்கு 5 மணித்தியாலம் படித்தால் வருடத்துக்கு 1825 மணித்தியாலம் இவை அதே இடத்தில் நிற்கும். தொலைக்காட்சி உத்தரவாதங்கள் பெரும்பாலும் இந்தப் பழுதை ஏற்பதில்லை. வெளிநாட்டில் வாங்கிய பொருளுக்கு இங்கே உத்தரவாதம் கிடைப்பதும் அரிது. டெல் நிறுவனம் 2022இல் வெளியிட்ட ஓஎல்ஈடி மொனிட்டருக்கு இந்தப் பழுதையும் சேர்த்து 3 வருட உத்தரவாதம் கொடுத்தது. வாங்கும்போது 'தொலைக்காட்சி' என்ற சொல்லுக்கும் 'மொனிட்டர்' என்ற சொல்லுக்கும் இடையில் இப்படி ஒரு வேறுபாடும் இருக்கிறது.

நமது கரையோர வீடுகளில்

ஓஎல்ஈடி தொலைக்காட்சிகள் தங்களைத் தாங்களே பராமரிக்கும் ஒரு வேலையைச் செய்கின்றன. எல்ஜி மாதிரிகளில், மொத்தம் 4 மணித்தியாலத்துக்கு மேல் ஓடிய பின் ரிமோட்டால் அணைத்தால், உள்ளே சில நிமிடங்கள் படவணுக்களின் தேய்வை அளந்து சரிசெய்யும். திரை கறுப்பாக இருக்கும். வேலை உள்ளே நடக்கும். இதற்கு மின் இணைப்பு இருக்க வேண்டும்.

நம் வீடுகளிலோ அணைத்த உடனே பிளக்கைக் கழற்றுவது வழக்கம். மின்கட்டணம் ஒரு காரணம். இடி மின்னல் இன்னொரு காரணம். அதோடு எதிர்பாராத மின்துண்டிப்பும் உண்டு. ஆகவே இந்தத் திரை உள்ளவர்கள் ரிமோட்டால் அணைத்து, கால் மணித்தியாலம் பொறுத்து, பிறகு பிளக்கைக் கழற்றுவது நல்லது. இடி மின்னல் வரும்போல் தெரிந்தால் மட்டும் பொறுக்கத் தேவையில்லை, அது தொடங்குவதற்கு முன்பே கழற்றுங்கள். அன்டனாக் கம்பியையும் கழற்றுங்கள்.

அடுத்தது உப்பு. புத்தளம் உப்பு விளையும் ஊர். கற்பிட்டியோ ஒரு பக்கம் களப்பும் மறுபக்கம் கடலுமாக உள்ள தீபகற்பம். காற்றில் வரும் உப்புத்தூள் கம்பி வாய்களில் படிகிறது. காற்றின் சாரீரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டும்போது உப்பு நீரை உறிஞ்சி ஈரமாகிறது. அந்த ஈரம் உலோகத்தை அரிக்கிறது. ஓஎல்ஈடியின் சேதனப் படைகளுக்கு நீராவியும் ஒட்சிசனும் பகை என்பதால் தொழிற்சாலையிலேயே அவற்றை இறுக மூடிவிடுகிறார்கள். ஆனால் இணைப்பு வாய்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. கடற்காற்று நேரே படும் யன்னலுக்கு எதிரே எந்தத் திரையையும் வைக்காதீர்கள். துடைக்க உலர்ந்த மெல்லிய துணி போதும். கண்ணாடி துடைக்கும் திரவம் வேண்டாம்.

எங்கள் முடிவு

இவ்வளவையும் ஒரு தாளில் எழுதி வாப்பாவிடம் காட்டினேன். அதில் இல்லாத ஒன்றை உம்மா சொன்னார்: "தொலைக்காட்சி ஹோலில் இருக்கும். நீ படிக்கும் நேரத்தில் தம்பிமார் பார்க்கக் கேட்பார்கள். அப்போது யார் எழும்புவது?" எந்தத் தொழினுட்பக் காரணத்தையும் விட இது பெரிய காரணம். ஒரே திரை இரண்டு வேலை செய்யலாம். ஒரே நேரத்தில் செய்யாது.

நானாவுக்கு அழைப்பெடுத்து விபரமாகச் சொன்னோம். வீட்டில் இருக்கும் தொலைக்காட்சி நன்றாக வேலை செய்கிறது. அது அப்படியே இருக்கட்டும், என் மேசைக்கு 24 அங்குல முழு எச்டி எல்சிடி மொனிட்டர் ஒன்று போதும் என்று முடிவாயிற்று. அதன் விலை ஓஎல்ஈடி தொலைக்காட்சியின் விலையில் ஒரு சிறு பங்குதான். மிச்சப் பணத்தை என்ன செய்வது என்பது நானாவின் விருப்பம்.

எங்கள் முடிவு எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. தனி அறையும் புதிய கணினியும் வடிவமைப்புத் தொழிலும் உள்ள ஒருவருக்கு 42 அல்லது 48 அங்குல ஓஎல்ஈடி சிறந்த திரையாக இருக்கலாம்.

ஏற்கனவே வைத்திருப்பவர்களுக்கு

ஓஎல்ஈடி தொலைக்காட்சியில் கணினியை இணைப்பவர்கள் இவற்றைச் செய்தால் அதன் ஆயுள் நீடிக்கும்:

1. ஒளிர்வை வாசிக்கப் போதுமான அளவுக்குக் குறையுங்கள்.
2. பணிப்பட்டி தானாக மறையும்படி அமையுங்கள். முகப்பில் சின்னங்களை வைக்காதீர்கள்.
3. பின்னணியைக் கறுப்பாக்குங்கள். கறுப்புப் படவணு தேய்வதில்லை, மின்னும் மிச்சம்.
4. ஐந்து நிமிடம் தொடாவிட்டால் திரை அணையும்படி அமையுங்கள். தொழுகைக்கோ சாப்பாட்டுக்கோ எழும்பும்போது ரிமோட்டால் அணையுங்கள்.
5. படத்தின் ஓரங்கள் வெட்டுப்பட்டுத் தெரிந்தால் பட அளவை அசல் அளவுக்கு மாற்றுங்கள்.

ஓஎல்ஈடி இல்லாமல் 32 அங்குல சாதாரண எச்டி தொலைக்காட்சி மட்டும் இருக்கும் வீடுகளே அதிகம். அதிலும் கணினியை இணைக்கலாம். நிழல் பதியும் என்ற கவலை அங்கே அநேகமாக இல்லை. ஆனால் 1366 × 768 திரையில் ஒரு படவணு அரை மில்லிமீற்றர் அகலம். நான் மேலே காட்டிய கணக்கின்படி 1.8 மீற்றர் தள்ளியிருந்தால்தான் எழுத்து உடையாமல் தெரியும். காணொளிப் பாடம் பார்க்கவும் தங்கைமாருக்குச் சேர்ந்து பாடம் சொல்லிக்கொடுக்கவும் அது நல்லது. கட்டுரை எழுதவும் வினாத்தாள் செய்யவும் மடிக்கணினியின் சொந்தத் திரையே மேல்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். திரை வாங்கக் கடைக்குப் போகும்போது அதில் படிக்கப்போகும் பிள்ளையையும் கூட்டிச் செல்லுங்கள். அவளுடைய தமிழ்க் குறிப்பு ஒன்றைப் பென்டிரைவில் கொண்டுபோய்த் திறந்து காட்டச் சொல்லுங்கள். கடைக்காரர் காட்டும் பூக்களும் மீன்களும் எந்தத் திரையிலும் அழகாகத்தான் இருக்கும். மெய்யெழுத்தின் புள்ளி தெளிவாகத் தெரிகிறதா என்று பாருங்கள்.

(உயர்தரம், பௌதிக விஞ்ஞானப் பிரிவு)